சமமில்லாத இரண்டு கோடுகள்

என் வாயாடி வசந்தி, என் உயிர் மச்சாளே,

வென்றுவிட்டாய் புள்ள! இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கேட்க நீ இல்லையே என்று ஆத்திரமாகவும் வருகிறது.

போர் ஓய்ந்து பாதை திறந்த கையோடு, சித்தாண்டிப் பக்கத்து அரிசி ஆலையொன்றில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. அவித்த நெல் உலர்த்தியில் காயும்போது, மேலும் அடியுமாகக் கொஞ்சம் அள்ளி, ஈரத்தின் சராசரியை அட்டவணையில் புள்ளியாக வைப்பேன். நடுக்கோட்டுக்கு மேலேயும் கீழேயும் சம தூரத்தில் எல்லைக் கோடுகள், நாம் பல்கலைக்கழகத்தில் படித்தபடி. புள்ளி தாண்டினால் உலர்த்தியை நிறுத்த வேண்டும். நிறுத்திப் பார்த்தால் ஒரு பழுதும் இராது.

“உன்ட கோடு சும்மா சும்மா கத்துது. இன்னும் ஒருக்கா ஏமாத்தினா கிழிச்செறிஞ்சு போட்டு, பழையபடி பல்லுத்தான்!” என்றார் முதலாளி. அவர் நெல்லைக் கடித்துப் பார்ப்பவர். ‘டிக்’ என்று முறிந்தால் காய்ந்துவிட்டது என்பார்.

“எல்லாத்துக்கும் ரெண்டு பக்கமும் ஒரே அளவா புள்ள? ஈரம் கூடுற பக்கம்தானே புள்ளியெல்லாம் வால் மாதிரி நீண்டு போகும், குறையிற பக்கம் கிட்டவே நிண்டிரும்!” என்று களுதாவளையில் உன் வீட்டு வாசலில் நின்று என்னோடு மல்லுக்கட்டினாயே, நினைவிருக்கிறதா? செய்து காட்டுமுன் சுனாமி உன்னைக் கொண்டுபோயிற்று. அந்த நாளை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

நீ சொன்னபடியே மேல்கோட்டைத் தள்ளியும் கீழ்க்கோட்டைக் கிட்டவும் போட்டேன். புள்ளி நடுவில் நின்றால் ஆறுதலாக, நேரம் விட்டு அடுத்த மாதிரி எடுப்பேன். கோட்டை நெருங்கினால் உடனேயே, கூடுதலாக அள்ளுவேன். வீண் கூச்சல் அடங்கிப்போனது.

பிறகு ஒரு மாரி மழை நாள். புள்ளி மேலே ஏறியது. உடனே நிறைய அள்ளிப் பார்த்தேன், தாண்டியே விட்டது. “நிப்பாட்டுங்க!” என்று கத்தினேன். முதலாளி ஓடிவந்து மேலாகக் கிடந்த நெல்லைக் கடித்தார்.

“டிக்கெண்டு முறியுது. என்ன புள்ள விளையாட்டா?”

“அடியில அள்ளிக் கடிங்க முதலாளி!”

கடித்தார். சத்தமே இல்லை! அடிக்குச் சூடுகாற்று ஊதும் காற்றாடியின் பட்டி அறுந்து, அடிநெல் முழுக்க ஈரம். அப்படியே மூட்டை கட்டியிருந்தால் அத்தனையும் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

“ஒள்ளுப்ப நேரம் பிந்தியிருந்தா எல்லாம் போச்சு. ஆர் புள்ள இந்தக் கோட்டைக் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். ஆலை முழுக்கக் கேட்கும்படி உன் பெயரைச் சொன்னேன்.

உன்னிச்சை ஊர்ப் பக்கத்து ஆலைக்கும் கோடு போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். போவேன். அங்கேயும் உன் பெயரைத்தான் சொல்லிக் கொடுப்பேன், இது சத்தியம். எங்கள் ஆலையில் இப்போது புள்ளி ஏறினால் உலர்த்தியடியில் நிற்கிற பெண்டுகள் கத்துவது என்ன தெரியுமா?

“வசந்தி கூப்பிடுறாகா, ஓடி வா!”

சண்டை பிடிக்க ஆளில்லாமல் தவிக்கும்
உன் மச்சாள் புவனா