உள்ளே எவ்வளவு கேட்கும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, முட்டிதான் ஓட மாட்டேன் என்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாய் இருக்க வேண்டும் என்பதே தினமும் என் விண்ணப்பம். உன் அக்கா வீட்டில் எல்லோரும் நலம், அவள் மாமியார் மட்டும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், திருப்பட்டும், கல்யாணத்தன்று எனக்கு நாற்காலி போடாததை நானும் மறக்கவில்லை. பாஸ்டர் உனக்குப் போன் செய்திருப்பார். மிஷன் மாதக் கூட்டத்துக்கு நீ வந்து, இந்தக் காலத்துச் சமுதாயத்தில் சபையின் ஊழியம் என்ன என்று பேச வேண்டுமாம். உங்க மகன் பேசினா கூட்டம் அள்ளும், நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்கம்மா என்றார். நான் சொல்லப்போகும் வார்த்தை வேறு, அதைக் கேட்டுவிட்டு வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

சபைக்கு எதிரே, டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் துணி தேய்க்கும் பெண்ணின் புருஷன் இறந்தான் என்று மட்டும் உனக்குச் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. அன்று பகலில் எங்களுக்கு உபவாச ஜெபம். வாசல் கேட் பூட்டியிருந்தது, சுவிசேஷ வண்டி உள்ளே நின்றது. ஜெபத்தின் நடுவில் யாரோ கேட்டைப் பிடித்து உலுக்கி, ஆஸ்பத்திரிக்குப் போகணும், வண்டி, வண்டி என்று கத்துகிற சத்தம். சாத்தான் கலைக்கப் பாக்குறான், இன்னும் சத்தமா ஜெபிங்க என்றார் பாஸ்டர். எல்லோரும் குரலை உயர்த்தினார்கள். நான் எழுந்து போய், சாவியை வைத்திருந்த பொருளாளர், அதுதான் நம் வெண்கலத்தொண்டை, அவர் தோளைப் பிடித்து ஆட்டி, சாவியக் குடுய்யா என்றேன். அவர் கண்ணைக்கூடத் திறக்காமல், எனக்கு ஆவி இறங்கிவிட்டது என்று நினைத்து என் தலையில் கை வைத்து ஜெபித்தார். அந்தக் கையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அந்த மனுஷன் பிழைத்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். ஜெபம் முடிந்து கேட்டைத் திறந்தபோது அங்கே யாரும் இல்லை. அவள் தன் அறையில், உயிர் போன புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு ஜெபம் உரக்கப் போகும்போதெல்லாம் கேட் ஆடுகிறது, போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. கீலுக்கு எண்ணெய் விட்டார்கள், சங்கிலியைக் கழற்றினார்கள், பெரிய ஸ்பீக்கர் வாங்கினார்கள். எல்லோர் காதிலும் விழுகிறது. குரல்கள் எல்லாம் ஒரு நொடி தாழ்ந்து மறுபடி ஏறும்.

இப்போது மிஷன் மாதம் என்று வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள். அவள் கதவை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் போனேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அன்னைக்கு நான் கத்துனது உள்ள கேட்டுச்சாம்மா என்றாள். கேட்டுச்சு என்றேன். இல்லம்மா, கேக்கவே இல்லன்னு பொருளாளர் அப்பவே சொல்லிட்டாரு, நான்தான் பெரிய எடமாச்சேன்னு கூச்சப்பட்டு மெதுவாக் கத்திட்டேன் என்றாள். மகனே, இவர்கள் சொன்ன ஒரு பொய்யால், புருஷனைத் தானே கொன்றதாக எண்ணிக்கொண்டு அவள் ஊரார் துணியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை தரம் சொன்னாலும் நம்பவில்லை, என் மனசு ஆறச் சொல்றீங்க என்கிறாள். கடைசியில் ஒன்று கேட்டாள். ஒரு நாள் நான் உள்ள உக்காந்துக்கறேன், நீங்க எல்லாரும் அதே மாதிரி ஜெபம் பண்ணுங்க, யாராவது வெளிய நின்னு கத்தட்டும், எவ்வளவு கேக்குதுன்னு நானே பாத்துக்கறேன் என்றாள். பாஸ்டரிடம் சொன்னேன், சபைய சந்தி சிரிக்க வைக்காதீங்கம்மா என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளை நானே கூட்டிப்போய் என் இடத்தில் உட்கார வைக்கப்போகிறேன். பிறகு வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். என் தொண்டையில் அவள் தொண்டையின் பலம் கால்வாசிகூட இல்லை. இதுவே உள்ளே கேட்டால் அவளுக்கு விளங்கிவிடும்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்மணிபோல் காக்கட்டும், பேத்திக்கு என் முத்தம். மருமகளை மாத்திரையை விடாமல் போடச் சொல். ஞாயிறு கழியும்வரை பாஸ்டருக்குப் பதில் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா