கரையிலிருந்து சிநேகா

செப்டம்பர் 3, செவ்வாய்
நைனா கடலுக்குப் போனால் கரையில் வாக்கிடாக்கியைக் கவனித்துக்கொள்வது இப்போது என் வேலை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரலே வராது. அதனால்தான் பள்ளியை விட்டேன். வாக்கியில் வருகிறது. யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

செப்டம்பர் 5, வியாழன்
தப்புச் செய்துவிட்டேன்.

காலையில் நைனா போனில், "கோயிலுக்கு நேரா, பன்னெண்டு பாகம் ஆழம். காணாங்கத்த மீனு அள்ளிகினு கீறோம். ஐஸ் சொல்லி வை" என்றார். கொஞ்ச நேரத்தில் தாமோதரன் மாமா தன் படகிலிருந்து வாக்கியில் கேட்டார்: "இன்னா மச்சான், மீனு கீதா?"

"ஒண்ணியும் இல்ல மச்சான். வலை காலி" என்றார் நைனா.

மறந்துவிட்டாரோ என்று நினைத்து நான் பட்டனை அழுத்தினேன். "நைனா, பன்னெண்டு பாகத்துல காணாங்கத்தன்னு சொன்னியே!"

எல்லாப் படகுக்கும் கேட்டது. ஆறு படகு அங்கே போய்விட்டது.

"ஊருக்கே மைக்கு வெச்சு சொல்லிட்டியாடி?" கரைக்கு வந்ததும் கத்தினார். மீன் இருந்தாலும் வாக்கியில் 'இல்லை' என்றுதான் சொல்வார்களாம். எல்லோருமே அப்படித்தானாம். எனக்கு எப்டி தெரியும்? யாராவது சொன்னாங்களா?

செப்டம்பர் 6
வாக்கி ஆணியில் தொங்குகிறது. "கேளு. பேசாத" என்றுவிட்டார் நைனா. இனி அம்மாதான் பேசுவாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்


மூன்று மணிக்கு மேற்கே வானம் தார் மாதிரி கறுத்தது. அம்மா மீன் விற்கத் திருக்கழுக்குன்றம் போயிருந்தாள். நைனா போனை எடுக்கவில்லை. வாக்கியில் தாமோதரன் மாமா, "காத்து வருது, கெளம்புங்க" என்றார். ஒருவரும் நம்பவில்லை. "எங்கள தொரத்திட்டு நீ அள்ளவா மாமா?" என்று சிரித்தார்கள்.

பேசலாமா? நைனா வேணாம்னாரே— அழுத்திட்டேன்.

"கரையிலருந்து சிநேகா. நெசமாவே மேக்கால கறுத்துகினு வருது. வந்துருங்க."

ஏதோ ஒரு படகிலிருந்து யாரோ சொன்னார்கள்: "டேய், அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாதுடா. வலைய இழு."

நைனா படகுதான் கடைசி. அது மணலில் ஏறுவதற்குள் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பறந்துவிட்டது.

செப்டம்பர் 11
தாமோதரன் மாமா வந்தார். "இனிமே காத்து எப்டின்னு பாப்பா சொல்லட்டும். நான் சொன்னா எவன் நம்பறான்?"

நைனா வாக்கியை எடுத்து என் கையில் கொடுத்தார். "மீனப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத."

செப்டம்பர் 20, வெள்ளி
காலையில் பதினேழு படகையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதினேழும் பதில் சொன்னது. மத்தியானம் காற்று திரும்பியது, இன்னொரு சுற்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டது. அம்மா மிளகுப் பால் கொடுத்தாள். பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டுவது இதுதான் முதல் தடவை.