பீவியும் குச்சவெளி மாப்பிள்ளையும்

ஜமாலியா,
திருக்கோணமலை.
05.02.2025

என் தங்கச்சி பெற்ற அன்பு மருமகள் ஹுஸ்னியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இப்போது நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் மாமி மைமூனா நம்பவில்லை. பள்ளிவாசல் மதிலோரம் குந்தியிருந்து உலகத்தில் உள்ள எல்லாப் பொய்யையும் நம்புகிற கூட்டம்கூட இதை நம்பவில்லை. ஆனாலும் இந்தத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி, கப்பல்களைக் காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியவன் என்ற பொறுப்போடு சொல்கிறேன்: உன் முன்னாள் புருஷன் றிகாஸ் நேற்று என் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் மஸ்கெட் அல்வாப் பெட்டி வேறு.

போனைத் திறந்தால் சொந்தக்காரர் எல்லாரும் அவனுடைய வீடியோவையே அனுப்புகிறார்கள் என்று நீ வாட்ஸப்பை அழித்துவிட்டாய். அதனால்தான் இவ்வளவு பெரிய செய்தி தபால்காரரின் சைக்கிளில் வருகிறது.

"மாமா, சுகமா இருக்கீங்களா?" என்றான்.

"நீ போன நாள்ல இருந்து நல்ல சுகம் மகன்" என்றேன்.

நெளிந்தான். "பதினாறாம் திகதி ஞாயிறு கொழும்பில இருந்து புதுச் சாமான் வருது மாமா. வளர்த்த பவளத் துண்டு, இறால், நட்சத்திர மீன். பேஸ்புக்கில நேரடியாக் காட்டப்போறன். ஆனா தொட்டில இறக்கிற முறை… ஹுஸ்னியா செய்றத நீங்க பாத்திருக்கீங்கதானே?"

"நீதானே 'பவளக் கோமான்' எண்டு பேஸ்புக்கில பேர் போட்டிருக்காய்?"

"அது சும்மா பேர்தானே மாமா."

மருமகளே, கலியாணம் நடந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், முறிந்தால் உடுத்த சாரத்தோடு படியிறங்குவதும் நம் வழக்கம். இந்தக் கோமான் படியிறங்கியபோது கதிரையை விட்டான், அலுமாரியை விட்டான், உன் உப்புத்தண்ணீர்த் தொட்டியை மட்டும் லொறியில் ஏற்றினான். அதோடு பீவியும் போனாள். கலியாணத்துக்கு முதலே நீ வளர்த்த கடற்சாமந்திப் பிராணி; பார்த்தால் பூ, தொட்டால் குத்தும், உன் மாமியைப் போல. குச்சவெளியில் புது மாமனார் வீட்டில் தொட்டியை இறக்கிய வாரமே பாதிப் பிராணிகள் மௌத்து, செத்து மிதந்தன. அதனால்தான் இந்தப் புது இறக்குமதி.

அந்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். படை தயார். கட்டளையிடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாரந்தூக்கிச் சக்கரவர்த்தி,
உன் மாமா கலீலுர் றஹ்மான்


கண்டி.
09.02.2025

அன்பான மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது சிரித்தேன். இரண்டாம் தரம் வாசித்தபோது பேனையைத் தேடினேன்.

மூன்று வருடம் குழாயைப் பிடித்தது நான், கமெராவைப் பிடித்தது அவன். என் விரல் நுனி வீடியோவில் தெரிந்தால் அந்த இடத்தையும் வெட்டிவிடுவான். "எல்லாம் நீங்களேவா செய்றீங்க?" என்று ஆட்கள் கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுதுவான். நான் பக்கத்தில் நின்று தொட்டிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பேன். இப்போது உங்கள் வீட்டுப் படியில் வந்தே என் முறையைக் கேட்கிறான், அதையும் என்னிடம் நேரே கேட்கவில்லை.

கட்டளை கேட்டீர்கள், சொல்கிறேன். சரியான முறை இது: பையைத் திறக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்த வேண்டும். பிறகு மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைத் துளித்துளியாகப் பைத் தண்ணீரோடு சேர்க்க வேண்டும். பைக்குள் இருக்கும் உப்பு வேறு, தொட்டியின் உப்பு வேறு. திடீரென்று மாறினால் இறாலும் நட்சத்திர மீனும் தாங்காது. கடைசியில் பிராணியை மட்டும் உள்ளே விட்டு, பைத் தண்ணீரை வெளியே ஊற்றவேண்டும்.

இதில் ஒரு சொல்லும் அவனுக்குச் சொல்லாதீர்கள். பையை வெட்டி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டச் சொல்லுங்கள். அவன் தொட்டி நாறுவதை ஊரே நேரடியாகப் பார்க்கட்டும். நான் இரக்கமில்லாதவள் என்று நினைத்தால் நினையுங்கள்.

பீவி விரிந்திருக்கிறாளா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

மாமிக்கு ஸலாம்.

உங்கள் மருமகள்,
ஹுஸ்னியா


ஜமாலியா,
திருக்கோணமலை.
18.02.2025

வெற்றித் திருமகள் ஹுஸ்னியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பழி முடிந்தது! பேனையைப் பிடிக்கிற கை இன்னும் உப்பு மணக்கிறது.

கட்டளைப்படியே சொன்னேன். கோமான் கத்தரிக்கோலை எடுத்து, கமெராவைப் பார்த்துப் பல்லைக் காட்டி, பைகளை வெட்டிக் கொட்டினான். கொட்டிய கணமே தொட்டி கொதித்தது. நட்சத்திர மீன் கோபத்தில் எழும்பி முகட்டு ஓட்டைத் துளைத்து ஆகாயத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இண்டைக்கும் குச்சவெளிக் கரையில் தெற்கே பார்த்தால் தெரியும். இறால்கள் வரிசை கட்டி, இடம் வலம் என்று கால் போட்டு, மாமனாரின் சாய்மனைக் கதிரைக்குக் கீழே போய்ப் பாளையம் இறங்கின. அவர் ஒரு கத்துக் கத்தினார், நிலாவெளியில் தென்னை மரங்களில் குரும்பை கொட்டியது. நேவிக்காரர் சுனாமி என்று நினைத்துப் படகை எடுத்தார்கள்.

றிகாஸ் கமெராவை விடவில்லை. பீவி ஒரு கையை நீட்டினாள். போனைப் பிடுங்கினாள். விழுங்கினாள். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் உலகம் முழுவதும் அவளுடைய வயிற்றுக்குள்ளே இருந்துதான் நேரலை. லைக் மட்டும் ஒரு லட்சம்!

கடைசியாகப் பீவி தொட்டியை விட்டு எழும்பினாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். "இந்த வீட்டுத் தண்ணி எனக்கு ஒத்துவராது" என்று சொல்லி, ரோட்டுக்குப் போய்க் கைகாட்டி, குச்சவெளி பஸ்ஸில் ஏறினாள். கொண்டக்டர் எழும்பி நின்று ஸலாம் சொன்னார்.

சந்தோசம்தானே மகள்? மாமி உனக்கு வட்டிலப்பம் செய்ய வேணும் என்கிறாள். கண்டிக்குப் போய்ச்சேர முன் அது என் வயிற்றுக்குள் போய்ச்சேரும் என்பதால் அனுப்பவில்லை.

பழிக்குப் பழி புகழ்,
மாமா


கண்டி.
22.02.2025

அன்பான மாமாவுக்கு,

முதல் பக்கம் முழுவதும் சிரித்தேன். விடுதியில் கூட இருக்கும் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தப் பிள்ளை கேட்டது: "அப்ப அந்தப் பீவி உண்மையில என்ன ஆனா?"

அப்போதுதான் யோசித்தேன். தொட்டி நாறினால் பீவியும் அதே தண்ணீரில்தானே. அவனை நாறவைக்க நினைத்தவளுக்கு இது தோன்றவேயில்லை. பீவி என்ன, கொழும்பிலிருந்து பைக்குள் மூச்சுப் பிடித்துக்கொண்டு வந்த இறாலும் நட்சத்திர மீனும் எனக்கு என்ன செய்தன?

பீவி பஸ் ஏறினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும் மாமா. வாப்பா மௌத்தானபோதும் சின்னப் பிள்ளையாக இருந்த என்னிடம் "வாப்பா பஸ் ஏறிட்டார்" என்றுதான் நீங்கள் சொன்னீர்கள்.

பகிடி வேண்டாம். உண்மையாகவே கொட்டச் சொன்னீர்களா?

ஹுஸ்னியா


ஜமாலியா,
திருக்கோணமலை.
26.02.2025

என் கண்ணான மகள் ஹுஸ்னியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை மாமி வாசித்துவிட்டு, "பகிடி எழுதத் தெரியாட்டி சும்மா கிடக்கிறதுதானே" என்று இண்டைக்கு எனக்குத் தேத்தண்ணீர் தரவில்லை. தகும்.

நான் கொட்டச் சொல்லவில்லை. முறை முறையாகத்தான் செய்தோம், நீ எழுதியபடியே. ஆனால் ஒரேயொரு திருத்தம் செய்தேன். "குழாய்ல முடிச்சுப் போட்டா உப்புக் கணக்குப் பிழைக்கும் மகன். பொறுப்பான ஆள் விரலால நசுக்கிப் பிடிக்கவேணும். இருக்கக் கூடாது, ஆடக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. நட்சத்திர மீனுக்குச் சத்தம் ஆகாது" என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத் துவங்கினான். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது தொழ விட்டேன், இல்லாவிட்டால் எனக்குப் பாவம். பிறகு திரும்பவும் நிறுத்தினேன். பெருவிரல் நீலம் பாரித்துவிட்டது. போனைத் தாங்கியில் வைத்து நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் எழுதுகிறார்கள்: "உப்பு எவ்வளவில இருக்கு கோமான்?" "ஏன் கையால பிடிக்கிறீங்க?" அவன் என்னைப் பார்க்கிறான். நான் முகட்டைப் பார்க்கிறேன். வாய் திறக்கவும் ஏலாது, திறந்தாலும் தெரியாது. கடைசியில் ஒருவர் எழுதினார்: "இதெல்லாம் முந்தி செஞ்ச கை இவர்ட இல்ல போல." அதை மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, "மாப்பிள்ள இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து ஒரு வேலைல இவ்வளவு நேரம் நிண்டு இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார்.

உன் பேரை நான் எடுக்கவில்லை மகள். ஊர்தான் உன் கையைத் தேடியது.

இறால் ஒன்றும் சாகவில்லை. நட்சத்திர மீன் கண்ணாடியில் ஏறி உலாவுகிறது. எதிரியின் வீட்டுப் பிள்ளைகள் என்றாலும் பிள்ளைகள்தானே.

இனிப் பீவி. தொட்டி மூலையில் வெளிறிப்போய், பொத்திய கைபோலக் கிடந்தாள். புதுப் பவளங்களை எங்கே வைப்பது என்று கேட்டான். உள்ளதைச் சொன்னேன்: "கடற்சாமந்தி பக்கத்தில வந்தா பவளத்தக் குத்திப்போடும் மகன்." பொய்யில்லையே? வேறு தொட்டி வைப்பான் என்று ஒருவன் நினைப்பான். அவன் பீவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அந்தப் பழசக் கொண்டுபோய்க் கடல்ல வீசுங்க மாமா" என்றான்.

நீ உன்னை இரக்கமில்லாதவள் என்று எழுதியிருந்தாய். அந்த நேரம் நீ அங்கே இருந்திருக்க வேணும். அவனுடைய புதுப் பெண் அம்ரா கதவடியில் நின்றாள். "உயிரோடதானே இருக்கு, ஏன் வீசணும்?" என்று அவள் கேட்டபோது அவன் பவளப் பையைக் கையில் எடுத்தான். அவள் குசினிக்குள் போய் மூடியுள்ள வாளி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

நேற்றுக் கோமான் எனக்குப் போன் எடுத்தான். "மாமா, அந்தச் சாமந்திய எங்க வீசினீங்க? வீடியோ பாக்கிறவங்க எல்லாரும் அதத்தான் கேக்கிறாங்க. அது இல்லாட்டிப் பாக்கமாட்டாங்களாம்."

"நீ சொன்ன இடத்திலதான் மகன். கடல்ல."

"எந்தப் பக்கம்?"

"குச்சவெளியில துவங்கிச் சிங்கப்பூர் வரைக்கும் ஒரே கடல்தானே. துளித்துளியாத் தேடிப் பார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அவசரமாக மன்னிக்கத் தேவையில்லை, அந்தச் சந்தோசத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க ஆசை.

மாமியின் பெரிய கண்ணாடிக் கோப்பை குசினியில் பீவியிடம் பறிபோயிருக்கிறது. பிரியாணிக்கு இனிப் பாத்திரம் இல்லை என்று சண்டை. நான் விடியக்காலையில் வெளிக்கடலில் தெளிந்த தண்ணீர் அள்ளிவந்து, குழாயில் முடிச்சுப் போட்டு, துளித்துளியாக விடுகிறேன். இன்று காலை இரண்டு விரல் அளவுக்கு விரிந்தாள். சாப்பாடு என்ன கொடுப்பது, வெளிச்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஆள் கண்டியில் இருக்கிறது. நோன்பு முதல் கிழமையிலேயே வா மகள். லொறி பிடித்து, பீவியை உன் வீட்டிலேயே இறக்கித் தருகிறேன்.

முந்தின கடிதத்தில் எழுதியது எல்லாம் பொய். பீவி குச்சவெளி பஸ்ஸில் ஏறி வந்தது மட்டும் மெய். கொண்டக்டர் எழும்பவில்லை, வாளியை மடியில் வைக்கச் சொன்னார்.

மாமா