யார் டீ வாங்கப் போவது

பாய், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் உட்கார்ந்து உங்க கடை எவர்சில்வர் தூக்கைத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தாலும் மூடியிலிருந்து அந்த இஞ்சி வாசம் போவேனா என்கிறது. மூடியை மூக்கருகில் வைத்துக்கொண்டு நான் நின்றதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "இன்னாடி, தூக்குக்கு முத்தம் குடுக்கிறியா?" என்றார். "உனக்குக் குடுக்கிறதுக்கு இது தேவல" என்றேன். நீங்க இருந்திருந்தா கல்லாவைத் தட்டிச் சிரிச்சிருப்பீங்க.

உங்க பிரௌசிங் சென்டருக்கு நான் முதலில் வந்தது ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க. கும்மிடிப்பூண்டி கரண்ட் ஆச்சே, போய்விட்டது. கரண்ட் திரும்பி வந்ததும் பார்த்தால், உள்ளே கம்பெனி ஆளுங்க வரிசையாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோட்டைச் சண்டை போடுகிறார்கள். அதில் லேத் பட்டறை நெட்டையர் எதிரியைத் தேடு தேடென்று தேடுகிறார். "ஏம்பா, உன் முதுகாண்டயே நிக்கிறாம்பா!" என்று கத்திவிட்டேன்.

"நின்னுக்கினு கத்தறதுக்கு உக்காந்து ஆடேன் தங்கச்சி" என்றீங்க.

நெட்டையருக்கு முகம் சுருங்கிப்போனது. "பொம்பள வந்தா வாய்விட்டுத் திட்ட முடியாது பாய்."

"நீ திட்டு ராஜா. வார்த்த பத்தலன்னா நான் எடுத்துக் குடுக்கிறேன். எங்க தெருக் குழாயாண்ட தண்ணி வர்ற நேரம் வந்து பாரு" என்றேன். கடையே சிரித்தது, அவரைத் தவிர.

ஞாயிறானால் நடக்கிற அந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு வேஷம். எனக்கு அவர்கள் ஒதுக்கியது, அடிபட்டவனுக்கு மருந்து கொடுக்கிற பொம்பளை. வீட்டில் கஷாயம் காய்ச்சுவது பத்தாதா? மீசை வைத்த வாள்காரன்தான் வேண்டும் என்று நின்றேன். "அது ஆம்பள வேஷம்க்கா" என்று இழுத்தார்கள். நீங்கதான் கேட்டீங்க: "கூத்துல ஆம்பள சேலை கட்டி ஆடினா வாயப் பொளந்துக்கினு பாக்கறீங்க இல்ல? தங்கச்சி மீசை வச்சா இன்னா?"

மீசை கிடைத்துவிட்டது. டீ வாங்கப் போகிற வேலைதான் கிடைக்கவில்லை.

உங்க கடைச் சட்டம் அது. ஆட்டத்தில் முதலில் சாகிறவர் தூக்கை எடுத்துப் போய் எல்லோருக்கும் டீ வாங்கிவர வேண்டும். வாள் எடுத்த ஜோரில் நான்தான் முதலில் செத்தேன். ஆனால் நெட்டையர் எழுந்து தூக்கை எடுத்தார். "அக்காவப் போயி அனுப்பறதா? நீங்க உக்காருங்கக்கா." அடுத்த வாரமும் நான் சாக, இன்னொருவர் போனார். எனக்குக் குஷி. பிறந்ததிலிருந்து யாராவது எனக்கு டீ வாங்கித் தந்திருக்கிறார்களா? காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்க பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னீங்க. "தங்கச்சி, உன்னை விருந்தாளியா வச்சிருக்காங்க. விருந்தாளின்னா ஒருநாள் கிளம்பணும்."

சுருக்கென்றது பாய். அப்போதுதான் கவனித்தேன். ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணி ஓட்டுகிறார்கள். என்னை யாரும் ஓட்டுவதில்லை. நான் செத்தால் "பரவால்லக்கா" என்கிறார்கள். ஆட்டத்தில் செத்ததற்கு மரியாதை செய்தால் அது என்ன ஆட்டம்?

அடுத்த ஞாயிறு செத்த கையோடு தூக்கைப் பிடித்தேன். நெட்டையர் மறுபக்கம் பிடித்தார். "உடுங்கக்கா." "உட மாட்டேன். செத்தது நானு." இழுத்த இழுப்பில் மூடி உருண்டு உங்க காலடிக்கு வந்தது. நீங்க அதை எடுத்து என் கையில் கொடுத்தீங்க, அவர் கையில் இல்லை.

டீக்கடைக்காரர் தூக்கைப் பார்த்ததுமே, "இன்னாக்கா, இன்னிக்கி நீயா செத்த?" என்றார். "ஆமா நைனா, நல்லா கொன்னுட்டானுங்க. இஞ்சி தூக்கலா போடு."

திரும்பி வந்தபோது நெட்டையர் தலை நிமிராமல் சொன்னார்: "டீ வாங்கப் போனியா, தேயிலை பறிக்கப் போனியாக்கா?"

எனக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது. வீட்டில் தினமும் டீ போடுகிறவள், ஒரு தூக்கு டீ வாங்கிவந்ததற்கு அன்றைக்குப் பட்ட பெருமையை யாரிடம் சொல்ல?

இப்போது கல்லாவில் உங்க வீட்டம்மா உட்காருகிறார். தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். எங்க கம்பெனி பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் ரெண்டு பேர் வருகிறார்கள். பொன்னேரியிலிருந்து ஒரு காலேஜ் பொண்ணும். போன வாரம் அவள்தான் முதலில் செத்தாள். யாராவது எழுவார்களா என்று திருதிருவென விழித்தாள். நெட்டையர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போம்மா, இன்னா பாத்துக்கினு கீற? எனக்கு சக்கரை கம்மி." அவள் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பழக்கத்தில் உங்க நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

பழவேற்காட்டில் உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு, அழுதுகொண்டிருந்த நெட்டையரிடம் ஒன்று சொன்னேன். மனுஷன் அழுகையோடு சிரித்துவிட்டார். உங்களுக்கும் சொல்கிறேன். நம்ம கூட்டத்தில் முதல் ஆளாய்ப் போனது நீங்கதான் பாய். சட்டப்படி டீ நீங்கதான் வாங்கிவரணும்.

அவசரமில்லை. தூக்கு என்னிடம் பளபளவென்று இருக்கிறது. நீங்க வர்ற வரைக்கும் நாங்களே மாத்தி மாத்தி செத்து வாங்கிக்கிறோம்.