எழுவைதீவைத் தேடிய ஒரே ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலியும் அப்பாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம். போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஊருக்கு வரும் தயாபரன் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

தீவுகளுக்கு டொக்டரைப் படகில் அனுப்பும் சங்கத்தின் இணையத்தளத்தைத் திருத்தும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. கூகுளில் அது முன்னுக்கு வர வேண்டுமாம். அதற்காக ஆட்கள் பார்க்காத பக்கங்களை நீக்கும்போது, எங்கள் மேலாளர் கணநாதன் சேர் எழுவைதீவுக்கான பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

“உம்மடை ஊரை ஆர் பிள்ளை தேடுறது? ஒரே ஒரு ஆள். அதுவும் கொழும்பில இருக்கிற ஆரோ ஒரு விசர்ப் பைத்தியம்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஆள் நான்தான் அம்மா. டொக்டர் வரும் நாளை ஊரே உங்களிடம் கேட்கும். நீங்கள் என்னிடம் கேட்பீர்கள். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்வேன். அதனால் வேறு ஒருவரும் தேடவில்லை. சேர் அதை அழிக்கச் சொன்னார். “ஓம் சேர்” என்றேன். என் கையாலேயே அழித்தேன். இனி டொக்டர் வரும் நாள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணை திரும்பும்போது ஒடியல் மாவும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடுங்கள். அண்ணை வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். அந்த நாளைக் கேட்கத்தானே கிழமைதோறும் போன் எடுப்பீர்கள். இனி எனக்கும் தெரியாது. இருந்தாலும் எடுத்துக் கேளுங்கள் அம்மா.

மகள்,
துர்க்கா