என் பெயருக்கு நேரே ஒரு கைரேகை

கெலமங்கலம் பக்கம்
12.2.2024

தம்பி சிவராஜுக்கு அக்கா வெங்கடம்மாள் எழுதுவது. போன் போட்டால் உன் பி.ஏ. எடுத்து, "எம்.எல்.ஏ. மீட்டிங்ல இருக்காருங்கம்மா" என்கிறான். கூடப் பிறந்தவளுக்கும் அதே பதில். அதனால்தான் இந்தக் காகிதம்.

நம் மேய்ச்சல் நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கக் கிராம சபை சம்மதித்ததாம். பேத்தி காவியா தீர்மான நகல் வாங்கி வந்தாள். என் பெயருக்கு நேரே கைரேகை! ஐந்தாவது படித்தவள் நான். ரேஷன் கடை மிஷினைத் தவிர எங்கும் பெருவிரல் வைத்ததில்லை. சபை கூடியதாகச் சொல்லும் அக்டோபர் இரண்டாம் தேதி நான் மத்தூரில் சம்பந்தி வீட்டில் இருந்தேன். கிழவிதானே என்று எவனோ வைத்துவிட்டான். நீ விசாரி.

வெங்கடம்மாள்

சென்னை
20.2.2024

அக்காவுக்கு,
முன்னூறு பேருக்கு வேலை வருகிறது. அந்தத் தீர்மானத்தைக் காட்டித்தான் சட்டசபையில் பேசினேன். ஒரு ரேகைக்காக என்னைத் தலைகுனிய வைக்காதே. காவியாவுக்கும் அங்கே வேலை சொல்கிறேன்.

சிவராஜ்

3.4.2024

தம்பிக்கு,
ஹைகோர்ட்டில் மனு போட்டிருக்கிறேன். பேப்பரில் பார்த்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது. பக்கத்து வீட்டு முனிலட்சுமி, "தம்பி மேலயே கேஸா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்றாள். "தம்பி மேல இல்லடி, அந்த ரேகை மேல" என்றேன்.

உனக்காக வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவள் நான். கேட்டோம், போட்டார்கள். இதை யாரும் எங்களைக் கேட்கவே இல்லையே. கேட்டால் சரி என்றும் சொல்வேனோ என்னவோ.

யுகாதிக்குப் பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்பட்டு சுடுவேன். கோபம் இருந்தாலும் வா.

அக்கா

9.8.2024

தம்பிக்கு,
நீ வரவில்லை, பதிலும் இல்லை. ஒப்பட்டை மூன்று நாள் மூடி வைத்திருந்தேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. பழைய தீர்மானம் செல்லாதாம். பதினைந்தாம் தேதி ஊரைக் கூட்டி மறுபடி கேட்க வேண்டுமாம். ஊரில் பட்டாசு வெடித்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

உன் ஓட்டும் இந்த ஊரில்தான். வா. உனக்கென்று நாற்காலி போட மாட்டார்கள்.

அக்கா

சென்னை
18.8.2024

அக்கா,
கிராம சபையில் உன் பக்கத்தில் நான் வந்து உட்கார்ந்தும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏரிப் பக்கம் பத்து ஏக்கரை மாடுகளுக்கு விட்டால் மீதியைக் கொடுக்கலாம் என்று நீதான் முதலில் கை தூக்கினாய். அதை நான் நினைக்கவே இல்லை.

தீர்மான நோட்டு என்னிடம் வந்தபோது உன் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ காகிதத்தில் போட்டவன். மேலே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கூட்டத்தொடரில் எழுந்து, நான் முன்பு காட்டிய தீர்மானம் பொய் என்று சொல்லப் போகிறேன். அது சபைக் குறிப்பில் ஏறட்டும். கட்சியில் திட்டுவார்கள். திட்டட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். யுகாதி இல்லாவிட்டாலும் ஒப்பட்டு சுடு. பி.ஏ. வரமாட்டான்.

சிவராஜ்