நோ விட்ட காலை

1992 நவம்பர் 3, செவ்வாய்

விடியமுதலே மழை. விறகு நனைந்து வீடெல்லாம் புகை. இவருக்கு இன்றும் வயிற்றுக்குத்து. வலப்பக்கம், கீழே. தொடவிடுகிறாரில்லை. ஆஸ்பத்திரி என்றால் முகத்தைத் திருப்புகிறார். "சும்மா வாய்வு. வள்ளம் இறக்கினால் பறந்திடும்." பிடிவாதத்துக்கென்றே பிறந்த மனிதர். மாமி தன் மகனுக்கு ஓமம் அவித்துக் கொடுத்தார். குடித்ததும் சத்தி, எல்லாம் வெளியே வந்துவிட்டது.

நவ. 4

வயிற்று நோ நின்றுவிட்டது! ஒரேயடியாக. எழும்பி இருந்து, "இஞ்சாரும், நோ விட்டிட்டுது. தேத்தண்ணி போடும்" என்றார். மாமி சிலுவை போட்டு அழுதார். நானும்தான். வீட்டில் இருந்தது ஒரேயொரு மெழுகுதிரி. கோயிலுக்குக் கொண்டுபோய் மாதாவுக்கு நன்றி சொல்லிக் கொளுத்தினேன். இரவுக்கு ஜாம் போத்தலில் திரியிட்ட எண்ணெய் விளக்கு போதும்.

செய்ய: வலைக் கிழிசல் பொத்த. சீனி. மாமியின் கண்ணாடி.

பின்னேரம் இவருக்கு நடுக்கம். வயிறு பலகை மாதிரி.

நவ. 5, ஆஸ்பத்திரி

என் தம்பி சைக்கிள் கரியரில் இருத்திக் கொண்டுவந்தான். உடனே ஒப்பரேஷன். டாக்டர்: "அப்பெண்டிக்ஸ் நேற்றே வெடிச்சிட்டுது, அம்மா. வெடிச்ச உடனை நோ குறையும். சனம் சுகமெண்டு நினைக்கும்."

நான் மெழுகுதிரி கொளுத்தியது அதற்குத்தான்.

"சீழைக் கழுவியாச்சு. கிருமியின்ரை நஞ்சு இரத்தத்திலை கலந்திட்டுது." மருந்து ஏறுகிறதே என்றேன். "மருந்து கிருமியைக் கொல்லும். செத்த கிருமியிலையிருந்தும் நஞ்சு வரும்."

திருக்கை மீனின் வால்முள்ளை முறிக்காமல் மீனை என்னைத் தொடவே விடமாட்டார் இவர். "செத்தாலும் முள்ளிலை விஷம் கிடக்கும்."

நவ. 6

கை கால் குளிர். பிரஷர் இறங்குகிறதாம். மூத்திரப் பையில் சலமே இல்லை. விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. நேர்ஸ் சவர்க்காரம் போட்டுக் கழற்றி என் கையில் தந்தார். ஒரே புலம்பல். "காத்து மாறுது, வலையை இழுங்கோ." என்னை யாரென்று தெரியவில்லை. மாதாவோடும் கோபம் எனக்கு. சொன்ன நன்றியைத் திருப்பிக் கேட்கவா?

டாக்டர் சொன்னது எதுவும் மாமிக்குத் தெரியாது.

நவ. 7

மழை விட்டது. மாமியும் வந்தார். இவர் கண் திறந்து என்னை அடையாளம் கண்டார். மூச்சு வாங்க வாங்க, "இஞ்சாரும், இப்ப நோகேல்லை."

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.

திரையை இழுத்து மூடியிருக்கிறார்கள். வெளியில் நிற்கிறோம். மோதிரம் என் பெருவிரலில். மாமி எல்லோரிடமும் மெழுகுதிரி கேட்டுக்கொண்டு திரிகிறார்.